கண்ணீர் உண்டு, கூலிக் கணக்கு இல்லை: நம் தோட்டக் கதைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

தோட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கதைகள் இந்நாட்டில் குறைவல்ல. பத்திரிகைகளின் ஞாயிறு மலர்களிலும், போட்டிகளில் பரிசு பெற்று வெளிவரும் தொகுதிகளிலும், அவ்வப்போது அச்சேறும் நாவல்களிலும் ரப்பர் மரம் நிற்காத பக்கம் அரிது. தோட்டங்கள் பல மறைந்து வீட்டு மனைகளாகிவிட்ட இந்நாளிலும் எழுத்தாளர் நெஞ்சம் லயத்தை விட்டு வெளியேறவில்லை. இதனை நாம் குறையாகக் கூற வரவில்லை. தாய் தந்தையர் உழைத்த மண்ணை மக்கள் மறவாதிருத்தல் நன்றே. ஆயினும், இக்கதைகளை ஒருசேர எடுத்து வைத்து வாசிக்கும் ஒருவர், தொழிலாளி நாளொன்றுக்கு என்ன கூலி பெற்றான், அக்கூலி ஏன் அவ்வளவாக இருந்தது, அடுத்த ஜில்லாவில் அதே வேலைக்கு என்ன கொடுத்தார்கள், வேலை போனபின் அவன் எங்கே போனான் என்னும் கேள்விகளுக்கு விடை தேடுவாராயின், பெரும்பாலும் வெறுங்கையுடனேயே திரும்புவார்.

இக்குறை பொருளாதார ஆராய்ச்சியாளர் கவனிக்க வேண்டியதன்றோ, இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். இலக்கியக் குறையே என்பது நம் துணிபு. ஒரு மனிதன் ஏன் துன்புற்றான் என்பதைத் தவறாகச் சொல்லும் கதை, அத்துன்பத்தை எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும், பிழைபட்ட கதையே ஆகும்.

நம் தோட்டக் கதைகளைப் பெரும்பாலும் இரண்டு வகையில் அடக்கிவிடலாம். ஒன்று அழுகைக் கதை. மழை பெய்கிறது, பால் வெட்டு இல்லை, அரிசிப் பானை காலி, கணவன் கள்ளுக் கடையில், குழந்தைக்குக் காய்ச்சல், கங்காணியோ கிராணியோ கடுஞ்சொல் கூறுகிறான், கதை முடிகிறது. மற்றொன்று ஏணிக் கதை. பால் மரம் வெட்டுபவரின் மகன் மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் படிக்கிறான். (மின்சாரம் வந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் கதைகளில் அந்த விளக்கு அணையவில்லை.) நல்லாசிரியர் ஒருவர் கைதூக்கி விடுகிறார். பையன் பட்டணம் போகிறான். டாக்டராகவோ வழக்கறிஞராகவோ மோட்டார் காரில் திரும்புகிறான். தாய் வாசலில் நின்று ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறாள். முதல் வகைக் கதை எழுப்பும் வினாவுக்கு இரண்டாம் வகைக் கதை விடை என்று எழுதுவோர் கருதுகின்றனர். வறுமை ஏன்? படிக்காமையால். நீங்குவது எப்படி? படிப்பால். மேடையில் பேசுவோரும் ஆண்டு விழாத் தலைவர்களும் சொல்வது இதுவேயாதலால், எவரும் இதை எதிர்த்துக் கேட்பதில்லை.

ஏணிக் கதையில் ஒரு விந்தை உண்டு. அக்கதையில் வரும் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு மாணவன்தான் படிக்கிறான். அவனுடன் ஒரே வாங்கில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைக் கதாசிரியர் சொல்வதில்லை. அவர்களும் எழுதப் படிக்கக் கற்றவர்கள்தாம். அவர்கள் மறு ஆண்டே வாளியும் காண்டாவும் தூக்கினார்களே, எழுத்தறிந்த கைக்கென்று ஒரு காசாவது கூடுதலாகப் போட்டார்களா? கார் வந்து நின்ற அன்று அடுத்த வீட்டுக்காரரின் நாட்கூலி உயர்ந்ததா? இக்கேள்விகளைக் கேட்டமாத்திரத்தில் கதையின் அஸ்திவாரமே ஆட்டம் காணத் தொடங்குகிறது.

நாம் சொல்லக் கருதியது இதுதான். தோட்டத்தில் கூலியை நிர்ணயித்தது கல்வி அன்று. அதை நிர்ணயித்தது இடம். கல்வி நிர்ணயித்தது வேறொன்றை. வேலை போன நாளில் எவனுக்கு வேறு வழி இருந்தது, எவனுக்கு இல்லை என்பதையே அது நிர்ணயித்தது. இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். இவற்றைக் குழப்பியதால் நம் கதைகளில் தொழிலாளி தன் கூலிக்குத் தானே குற்றவாளியாகி நிற்கிறான்.

சான்று காட்டுவோம். 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னர், இந்தியத் தொழிலாளருக்கு இன்ன பகுதியில் இன்ன கூலி என்று வரையறுக்கும் வழக்கம் மலாயாவில் ஏற்பட்டது. 1920 களின் பிற்பகுதியில், ரயிலும் சாலையும் எட்டிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதியிலோ ஆணுக்கு 58, பெண்ணுக்கு 46. வேலை ஒன்றே, கத்தி ஒன்றே, விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்பதும் ஒன்றே. அப்படியிருக்க, அந்த எட்டுக் காசு எதற்கு? உள்நாட்டுக்கு அரிசி ஏற்றிச் செல்லும் வண்டிச் சத்தம் அதிகம். மலைக் காய்ச்சலும் அதிகம். ஆட்கள் அங்கே போகத் தயங்கினர். அந்த எட்டுக் காசு வண்டிச் சத்தத்துக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்த விலை. நன்றாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவனுக்கும் பெருவிரல் ரேகை வைத்தவனுக்கும் கிள்ளானில் 50 காசுதான். அவ்விருவருக்கும் பகாங் உட்பகுதியில் 58 காசுதான்.

அன்றியும், அந்த ஐம்பது காசு என்னும் அளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதன் வேர் கடலுக்கு அப்பால் கிடக்கிறது. திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களில் நிலமில்லாத ஒருவன் பெற்றது என்னவோ, அதைவிடச் சற்று மேலே இருந்தால் அவன் கப்பல் ஏறுவான். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த டிப்போக்களின் வாயிலாக அவ்வாறே ஏறினான். ஆகவே, மலாயாவில் ரப்பர் என்ன விலை விற்றது என்பதைக் காட்டிலும், தமிழ்நாட்டுச் சேரியில் பட்டினி எவ்வளவு ஆழம் என்பதே அவன் கூலிக்கு அடிப்படையாயிற்று. பக்கத்து நிரையில் அதே மரத்தை வெட்டிய சீனத் தொழிலாளி தன் கூட்டத்தாருடன் ஒப்பந்தம் பேசி அதிகம் பெற்றான். அவன் அதிகம் படித்தவன் என்பதாலன்று. அவன் ஒரு கங்காணியால் ஒரே கிராமத்திலிருந்து அழைத்து வரப்பட்டு ஒரே தோட்டத்தில் கட்டிப்போடப்பட்டவன் அல்லன். கூலி பிடிக்காவிட்டால் வேறிடம் போகும் பழக்கம் அவனுக்கு இருந்தது.

பெண்ணின் நாற்பது காசைப் பற்றி ஒரு சொல். நம் கதைகளில் தோட்டத்துப் பெண் தாயாக வருகிறாள்; கிணற்றடியில் அழுகிறாள்; மகனுக்காகத் தாலியை அடகு வைக்கிறாள். அவள் கூலிக்காரி என்பதை மட்டும் எழுத்தாளர் மறந்துவிடுகிறார். ஆண் பெற்ற ஐந்தில் நான்கு பங்கே அவளுக்கு என்பது சட்டத்தின் பெயரால் எழுதிவைத்த கணக்கு. அவள் இருட்டில் எழுந்து, சோறு பொங்கி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பால் வெட்டி, வாளி சுமந்து, மாலையில் மறுபடியும் அடுப்பை மூட்டினாள். இந்தப் பத்துக் காசுக் குறைவும் அவள் படிக்காததாலா? படிக்காதவன் அருகில்தானே அவள் நின்றாள்! அன்றியும், பெண்பிள்ளையைத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தியதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டு. வளர்ந்தபின் குறைவாகவே பெறப்போகிறவளுக்குப் புத்தகம் எதற்கு என்று வறிய தகப்பன் எண்ணினான். பெற்றோரின் அறியாமை என்று நாம் எளிதில் கூறிவிடும் இச்செயலின் அடியில் அரசாங்கம் இட்ட ஒரு விலைப்பட்டியல் கிடந்தது.

நிற்க. கல்வியால் பயனே இல்லை என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. கல்வியும் இடத்துக்குக் கட்டுப்பட்டே கிடைத்தது என்பதை நம் கதைகள் காட்டவில்லை என்பதே நம் மனக்குறை. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று அதே 1923 ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. பள்ளிக்கூடங்கள் வந்தன. எப்படி வந்தன? லயத்தின் ஒரு மூலையில், ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில், பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் வந்து அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கும் இடமாக வந்தன. அங்கே ஆறு வகுப்பு முடித்தவனுக்கு மேற்கொண்டு தமிழில் படிக்க வழியில்லை. உத்தியோகத்துக்கு வேண்டியது இங்கிலீஷ். இங்கிலீஷ் பள்ளியோ கிள்ளானிலும் ஈப்போவிலும் சிரம்பானிலும் பினாங்கிலும் இருந்தது. பட்டணத்துக்கு மூன்று மைலில் இருந்த தோட்டத்துப் பையன் நடந்தாவது போயிருக்கலாம். முப்பது மைல் உள்ளே இருந்தவனுக்கு ஏணி இருக்கிறது என்ற செய்தியே எட்டியிராது. பகாங் உட்பகுதியில் தகப்பன் பெற்ற எட்டுக் காசு அதிகக் கூலிக்கு மகன் கொடுத்த விலை இது! ஒரு கதாசிரியருக்கு இதைவிடப் பெரிய கரு வேறென்ன வேண்டும்?

அடுத்து, கிராணியைப் பற்றி. நம் கதைகளில் கிராணி பிறவிக் கொடியவன். மூக்குக் கண்ணாடி, வெள்ளைக் கால்சட்டை, கையில் பேரேடு, வாயில் வசை. அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஏன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கதை விளக்குவதில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே இங்கிலீஷ் கற்பித்தன. மலையாள நாட்டிலும் அவ்விதமே. அங்கே பிறந்தவன் பேரேட்டைப் பெற்றான்; சேலத்துச் சேரியில் பிறந்தவன் வாளியைப் பெற்றான். இருவருக்குமிடையே இருந்த வித்தியாசம் அறிவில் இல்லை. எந்த ஜில்லாவில் எந்தப் பள்ளிக்கூடம் எப்போது திறந்தது என்பதில்தான் இருந்தது. கல்வியால் கூலி உயர்ந்ததற்கு ஒரே சான்றாக நம்மவர் காட்டும் கிராணியும், ஆராய்ந்து பார்த்தால், இடத்துக்கே சான்றாக முடிகிறார்.

இனி வேலை போன கதைக்கு வருவோம். 1925 ஆம் ஆண்டின் முடிவில் ராத்தல் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர், 1932 இல் இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கிற்று. கூலி 1930 இல் ஆணுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் வெட்டப்பட்டது; பின்னர் அதற்கும் கீழே போயிற்று. அக்காலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். மலாயாவின் வேலையில்லாக் கொடுமையைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சுமந்தன. 1934 இல் ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்து விலை நிமிர்ந்ததும், மறுபடியும் ஆட்களை அழைத்தனர்! குழாயைத் திருப்பித் தண்ணீர் விடுவது போல் மனிதரை விட்டு நிறுத்திய காலம் அது.

அதே பஞ்ச காலத்தில் பட்டணங்களில் இங்கிலீஷ் படித்த குமாஸ்தாக்களுக்கும் வேலை போயிற்று. படிப்பு அவர்களையும் காக்கவில்லை. ஆயினும் விழுந்த விதம் வேறு. குமாஸ்தாவைக் கப்பலேற்ற எவரும் வரவில்லை. அவர் மனு எழுதத் தெரிந்தவர், சங்கத்தில் உறுப்பினர், இன்னொரு கடையில் கணக்கெழுதக் கேட்கலாம், அடுத்த ஊரில் உறவினர் உண்டு. பால் வெட்டுபவனுக்கு வேலையும் வீடும் ஒன்றே. வேலை போன அன்றே கூரையும் போயிற்று. கல்வி செய்த வேலை இதுதான். கீழே விழாமல் அது எவரையும் தடுக்கவில்லை. விழுந்த இடத்தில் ஊன்றி எழுந்திருக்க ஒரு கோல் கொடுத்தது. இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதிய ஒரு தோட்டக் கதையை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தொழிலாளர் தாமே இதை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு 1941 சாட்சி. 1937 இல் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் தம் அறிக்கையில் கூலியை மறுபடியும் 50, 40 என்ற அளவுக்கு உயர்த்துமாறு கூறினார். உயர்ந்த கூலி மறு ஆண்டே திரும்பவும் குறைக்கப்பட்டது. 1938 இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் கப்பலேறும் தொழிலாளர் போக்குவரத்தை நிறுத்திற்று. அதன்பின் 1941 இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் மூண்டது. அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர். அவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். சுடப்பட்டு மாண்டவர்களும் உண்டு. அத்தொழிலாளர் கோரியவற்றைப் பாருங்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். தமிழறிந்த உத்தியோகஸ்தர் வேண்டும். கள்ளுக் கடைகளை மூட வேண்டும். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும். கூலி ஒரு கோரிக்கை; கல்வி தனியே மற்றொரு கோரிக்கை. எங்கள் பிள்ளைகள் படித்தால் எங்கள் கூலி உயரும் என்று அவர்கள் சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனியே கேட்டார்கள். கதை எழுதுவோர் காணத் தவறியதைக் கத்தி பிடித்தோர் தெளிவாகக் கண்டிருந்தனர்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த காலத்தை நம் எழுத்தாளர்கள் அதிகம் தொட்டிருக்கிறார்கள். 1950 களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கின; வாங்கியவர்கள் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்தனர்; குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இத்துண்டாடலை எதிர்த்து 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டியதும், கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பெற்றதும் நமக்குப் பெருமை தருவன. கதைகளும் அப்பெருமையைப் பாடியுள்ளன. நன்று. ஆனால் அதே காலத்தில் நடந்த மற்றொன்றைக் கதைகள் கடந்து போயின. 1957 ஆகஸ்டுக்குப் பின் ஓராண்டுக் காலம் மலாய் மொழித் தேர்வு இன்றியே குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று இடம் கொடுக்கப்பட்டது. பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அச்செய்தி எட்டிற்று. பட்டணத்தருகே இருந்தவனை யாரேனும் அழைத்துப் போய்ப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தனர். உள்ளே கிடந்தவன் சிவப்பு அடையாளக் கார்டுடன் இருந்துவிட்டான். 1969 இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நிரப்பாமல் விட்ட அந்த ஒரு காகிதம் அவன் வேலையைப் பறித்தது. ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினர். அவர்களில் இங்கேயே பிறந்து வளர்ந்தோரும் உண்டு. எழுத்தறியாமை கூலியைக் குறைக்கவில்லை, வேலையையே பறித்தது. நாம் மேலே கூறிய கருத்துக்கு இதைவிட வலிய உதாரணம் கிடையாது.

பள்ளிக்கூடத்தின் கதையும் அப்படியே. 1957 இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள், தோட்டங்கள் மறைய மறைய, ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்தன. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு முடித்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் முதற் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி எத்தனை கதைகள் எழுதப்பட்டன? அந்த ஓராண்டில், பேருந்துக் கட்டணம் கட்ட முடியாமலும், புதிய மொழி பிடிபடாமலும் நின்றுவிட்டவர்கள் நம் இனத்தில் எத்தனை குடும்பத்தில் இல்லை? ஏணிக் கதைகளில் வரும் கெட்டிக்காரப் பையன் மட்டும் இந்த வகுப்பை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடுகிறான்.

1970 களில் தொழிற்சாலைகள் வந்தன. பினாங்கில் பாயான் லெப்பாஸ் 1972 இல் திறந்தது. பட்டணத்தருகே இருந்த தோட்டங்களின் வாசலுக்கே ஆலைப் பேருந்து வந்து பெண்களை ஏற்றிச் சென்றது. மூன்றாம் படிவச் சான்றிதழ் வைத்திருந்தவளுக்கு அது உதவிற்று. அதே சான்றிதழுடன் ஜொகூரின் உள்ளேயோ பகாங்கின் உள்ளேயோ இருந்தவள் என்ன செய்வாள்? பெட்டிக்குள் வைத்துவிட்டுச் செம்பனைக் காட்டுக்கு உரம் போடப் போனாள். ரப்பரைக் காட்டிலும் செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். ஆதலால் பட்டணத்தருகே தோட்டம் விற்கப்பட்டபோது வீடு போயிற்று, வேறு வேலை கிடைத்தது. காட்டினுள் தோட்டம் செம்பனையாக மாறியபோது வீடு நின்றது, வேலை சுருங்கிற்று. பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில் 1990 களில் புத்ரா ஜெயா எழும்பியதையும், அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டதையும் எல்லோரும் அறிவர். அவ்விடம் தலைநகருக்கு அருகாமையில் இருந்ததால் பத்திரிகைகள் எழுதின. செம்பனைக்குள் மௌனமாகச் சுருங்கிய தோட்டத்தைப் பற்றி எழுத எவரும் போகவில்லை. நம் எழுத்தாளர் பெரும்பாலும் சிலாங்கூரிலும் பினாங்கிலும் இருப்பது இதற்குக் காரணமாகலாம் என்று நமக்கு ஓர் ஐயம்.

சிங்கப்பூர் நேயர்கள் இதெல்லாம் தீபகற்பத்துச் செய்தி என்று தள்ளிவிட வேண்டா. 1971 இல் பிரிட்டிஷார் செம்பவாங் கடற்படைத் தளத்தை விட்டு அகன்றபோது, அங்கே தலைமுறையாக உழைத்த தமிழரும் மலையாளிகளும் இதே சோதனைக்கு உள்ளாயினர். பற்றவைப்பும் இயந்திர வேலையும் கற்ற கைக்குக் கப்பல் பட்டறையில் இடம் கிடைத்தது. துப்புரவுக்கும் சுமைக்கும் இருந்தவர் நிலைமை வேறு. தளம் இருந்தவரையில் அவ்விருவரும் ஒரே குடியிருப்பில் அண்டை வீட்டார்.

நம் எழுத்தாளர்களுக்கு இக்குறை எங்கிருந்து வந்தது? நம் எண்ணம் இது. கடல் கடந்த தமிழ்க் கூலியைப் பற்றிப் பெரும் புகழ்பெற்ற முதற் குரல் பாரதியாருடையது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அவர் அழுதார். அந்த அழுகைக்கு அன்று ஒரு வேலை இருந்தது. ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க நாட்டைத் தட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் கண்ணீரை எடுத்துக்கொண்டு, அது எதற்காகச் சிந்தப்பட்டது என்பதை விட்டுவிட்டனர். 1935 இல் புதுமைப்பித்தன் எழுதிய துன்பக்கேணி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது. நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டதன்று. ஆனாலும் நம்மவர் அதைத் திரும்ப வாசிக்க வேண்டும். அக்கதை தோட்டத்தில் தொடங்கவில்லை. திருநெல்வேலிச் சீமைக் கிராமத்தில், சாதியும் நிலமும் ஒருத்தியை எப்படி வெளியே தள்ளின என்பதில் தொடங்குகிறது. மருதி கப்பலேறுவதற்கு முன்பே அவள் கூலி நிர்ணயமாகிவிட்டதை வாசகன் உணர்ந்துகொள்கிறான். அண்மைக் காலத்தில் அ. ரெங்கசாமி தம் நாவலுக்கு லங்காட் நதிக்கரை என்று இடத்தின் பெயரையே சூட்டியதைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். 'ஒரு தோட்டம்', 'அந்தத் தோட்டம்' என்று பெயரில்லாமல் எழுதும் பழக்கம் இனியேனும் குறையட்டும். பெயரில்லாத தோட்டத்தில் கூலி எவ்வளவு என்று எவரும் கேட்க முடியாது. அதுவே எழுதுவோர்க்கு வசதியாகவும் போய்விடுகிறது.

பழங்கதையைக் கிளறுகிறோம் என்று சொல்வோர் இதையும் கேட்கட்டும். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013 இல் வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட், சபாவிலும் சரவாக்கிலும் 800. 2019 இல் எங்கும் 1,100 என்று ஒன்றாயிற்று. மறு ஆண்டு, 2020 பிப்ரவரியில், மாநகர், நகராண்மைக் கழக எல்லைக்குள் 1,200 என்றும் அதற்கு வெளியே 1,100 என்றும் மீண்டும் பிரிந்தது. 1920 களில் உள்ளே இருந்தவனுக்கு அதிகம், சாலையோரத்தில் இருந்தவனுக்குக் குறைவு. நூறு ஆண்டுகளுக்குள் அது தலைகீழாயிற்று. அன்று காட்டுக்குள் ஆளை இழுக்க வேண்டியிருந்தது, காசு கொடுத்தார்கள். இன்று உள்ளே இருப்பவனுக்குப் போக்கிடம் இல்லை, அவன் நகர மறுத்தால் அந்த வேலைக்கு வெளிநாட்டு ஆள் வருவான், ஆகவே குறைத்தார்கள். இரு காலத்திலும் அவனுடைய பள்ளிச் சான்றிதழை எவரும் கேட்கவில்லை. பெரும்பாலான முதலாளிகளைப் பொறுத்தவரையில் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் எங்கும் ஒன்றாக விதிக்கப்பட்டு இவ்வேறுபாடு நீங்கிற்று. 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆயிற்று. இடைப்பட்ட அவ்விரண்டு ஆண்டுகளில் நகராண்மைக் கழக எல்லைக் கல்லுக்கு அப்பால் பால் வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் நூறு ரிங்கிட் குறைந்ததால் வீட்டில் எதை நிறுத்தினார்கள், எந்தப் பிள்ளையின் டியூஷனை வெட்டினார்கள் என்று கேட்டால், அவர்களே சொல்வார்கள்.